முதுமையும் குடும்பச் சொத்தும்: காலத்தே செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

நம் நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். இன்று அது 70 ஆண்டுகளை ஒட்டி நிற்கிறது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயதை எட்டியவர்களும் கடந்தவர்களும் 10 கோடியே 38 லட்சம் பேர் இருந்தனர். மொத்த மக்கள்தொகையில் இது 8.6 விழுக்காடு, கேரளத்தில் 12 விழுக்காட்டிற்கும் மேல். இவர்களில் பத்தில் ஏழு பேர் கிராமங்களில் வாழ்ந்தவர்கள். ஆண்களைவிடப் பெண்களே சற்று அதிகம்.

இம்முதியோரில் பெரும்பாலோரிடம் இருப்பது ஒரு வீடு, சிறிது நிலம், வங்கியிலோ அஞ்சலகத்திலோ ஒரு வைப்புத்தொகை, சில சவரன் நகை ஆகியவையே. சொத்து ஏற்பாடு என்பது செல்வந்தர் கவலை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில், பத்து வீடுகள் உள்ளவர் ஒன்றை இழந்தாலும் ஒதுங்க இடம் இருக்கும். ஒரே வீடு உள்ளவருக்குத் தவறான ஒரு கையெழுத்து போதும், தெருவில் நிற்க. ஆகவே சிறு சொத்து உள்ள குடும்பங்களை மனத்தில் கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

உயில் இல்லாவிடில் நிகழ்வது

ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சொத்து யாரைச் சேரும் என்பதை அவரவர் சமயத்திற்குரிய சட்டம் தீர்மானிக்கிறது. இந்துக்கள், சீக்கியர், சமணர், பௌத்தர் ஆகியோருக்கு 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும், கிறிஸ்தவர்களுக்கும் பார்சிகளுக்கும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும், இஸ்லாமியருக்கு ஷரியத் முறையும் பொருந்தும். கிறிஸ்தவக் குடும்பத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மீதி இரண்டு பங்கும் சேரும். இஸ்லாமியர் ஒருவர், கடனும் ஈமச் செலவும் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் வாரிசுகளின் இசைவின்றி உயில்வழி அளிக்க இயலாது.

இந்துச் சட்டம் எவ்வாறு செயற்படுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். தம் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு ஒன்று உள்ளது. அவருக்கு மனைவியும் மூன்று மக்களும் உள்ளனர். முதிய வயதுத் தாயாரும் உடன் வாழ்கிறார். தந்தை முன்னரே காலமாகிவிட்டார். ஆசிரியருக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. அவர் உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். மனைவி, மூன்று மக்கள், தாயார் ஆகிய ஐவரும் முதல் வகுப்பு வாரிசுகள். வீடு ஐந்து சம பங்காகிறது.

பலர் இவ்விடத்தில் கணக்கை நிறுத்திவிடுவர். ஆனால் ஈராண்டு கழித்துத் தாயாரும் உயிலின்றிக் காலமாகிறார் என்று கொள்வோம். அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவருடைய மூன்று மக்களின் கிளைகளுக்குப் போகும். தம்பிக்குப் பதினைந்தில் ஒன்று, தங்கைக்குப் பதினைந்தில் ஒன்று; இறந்துபோன ஆசிரியரின் கிளைக்குரிய பதினைந்தில் ஒன்று அவருடைய பிள்ளைகள் மூவருக்கும் பிரியும். மருமகளுக்கு இதில் பங்கில்லை. வீட்டை 45 கூறுகளாக வைத்துப் பார்த்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 10, தம்பிக்கு 3, தங்கைக்கு 3, ஆசிரியரின் மனைவிக்கு 9. முப்பதாண்டுகள் அந்த வீட்டில் அடுப்பெரித்த பெண்மணியின் பங்கு, அவர் பெற்ற ஒவ்வொரு பிள்ளையின் பங்கையும்விடக் குறைவு! உரிமையாளர்கள் அறுவராகி விட்டனர். அவர்களுள் எவரும் பாகப்பிரிவினை கோரி நீதிமன்றத்தை அணுகலாம். வீட்டை அடமானம் வைக்கவோ விற்கவோ அறுவரும் கையெழுத்திட வேண்டும்.

யாரும் தீயவரல்லர். சட்டமும் தன் கடமையைத்தான் செய்தது. ஆசிரியர் அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தால் இந்தச் சிக்கல் எழுந்திராது என்பதே செய்தி.

மகள்களைப் பற்றி ஒரு சொல். 1956ஆம் ஆண்டிலேயே தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு கிடைத்துவிட்டது. கூட்டுக் குடும்பப் பூர்விகச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமையை ஆந்திரப் பிரதேசம் 1986ஆம் ஆண்டிலும், தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலும், கர்நாடகமும் மகாராஷ்டிரமும் 1994ஆம் ஆண்டிலும் திருத்தங்கள் வாயிலாக மணமாகாத மகள்களுக்கு அளித்தன. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் அதை நாடெங்கும் எல்லா மகள்களுக்கும் விரிவாக்கியது. அத்திருத்தம் வந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஐயமறத் தெளிவாக்கியது. சீர் செய்தாயிற்று, ஆகையால் பங்கில்லை என்ற பேச்சு இன்றும் பஞ்சாயத்துகளில் கேட்கிறது. அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

பெண் ஒருத்தி உயிலின்றி இறந்தால்

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் பெண்கள் பலர் அறிந்திருப்பதில்லை. இந்துப் பெண் ஒருவர் பிள்ளைகளும் கணவரும் இன்றி இறந்தால், அவர் தாமே ஈட்டிய சொத்து அடுத்தபடியாகக் கணவரின் வாரிசுகளுக்குச் செல்லும். பெற்ற தாயும் தந்தையும் அதற்குப் பிறகே வருவர். பெற்றோரிடமிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்து மட்டும், பிள்ளைகளோ முன்னர் இறந்த பிள்ளைகளின் மக்களோ இல்லாதபோது, தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும்.

2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் முடிவான வழக்கொன்று இப்பிரிவின் கடுமையைக் காட்டுகிறது. 1955ஆம் ஆண்டில் மணமான ஒரு பெண், மூன்று மாதங்களில் பாம்பு தீண்டிக் கணவரை இழந்தார். புகுந்த வீட்டார் அவரை வெளியேற்றினர். தாய் வீட்டார் அவரைப் படிக்க வைத்தனர். அவர் வேலைக்குச் சென்று பொருள் ஈட்டினார். 1996ஆம் ஆண்டில் உயில் எழுதாமல் இறந்தார். அவர் சேமிப்பைத் தாயும் கோரினார். கணவரின் சகோதரி மக்களும் கோரினர். இரக்கம் வேறு, சட்டத்தின் சொற்கள் வேறு என்று கூறிய நீதிமன்றம், கணவர் வழி உறவினருக்கே அச்சொத்து உரியது எனத் தீர்ப்பளித்தது. நாற்பதாண்டுகள் மகளைக் காத்த தாய்க்கு ஒன்றுமில்லை. உழைத்துச் சேமிக்கும் பெண்கள், குறிப்பாகக் கணவரை இழந்த பிள்ளையற்ற பெண்கள், உயில் எழுதுவதை ஒருநாளும் தள்ளிப் போடலாகாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

உயிலின் இலக்கணம்

உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாளே போதும். எந்த மொழியிலும் எழுதலாம். எழுதுபவர் வயது வந்தவராகவும் தெளிந்த மனநிலை உடையவராகவும் இருத்தல் வேண்டும். அவர் கையெழுத்திடுவதை அல்லது கைநாட்டு வைப்பதை இரு சாட்சிகள் காண வேண்டும், அல்லது அது தம்முடையதே என்று அவர் வாயால் கேட்க வேண்டும். பின் அவர் முன்னிலையில் தாமும் ஒப்பமிட வேண்டும். 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்பது இவ்வளவே. உயிலால் பயன் பெறுபவரையோ அவர் மனைவி அல்லது கணவரையோ சாட்சியாக வைக்காதிருத்தல் நன்று. தம்மைவிட வயதில் இளையோரைச் சாட்சியாகக் கொள்வது இன்னொரு முன்யோசனை. பின்னாளில் உயிலை மெய்ப்பிக்கச் சாட்சிகளுள் ஒருவரேனும் நீதிமன்றம் வர வேண்டியிருக்கும் அல்லவா?

பதிவு செய்தல் கட்டாயமன்று. எனினும் சார் பதிவாளர் முன் பதிவு செய்வதால் ஏடு தொலையும் அச்சம் நீங்கும். உறையிட்டு முத்திரையிட்ட உயிலை மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கும் வசதியும் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் உள்ளது. இதை அறிந்து பயன்படுத்துவோர் சிலரே. பதிவான உயிலாயினும் ஐயத்திற்கு அப்பாற்பட்டது என்பதில்லை. பயன் பெறுபவரே முன்னின்று எழுதச் செய்திருப்பது, மனைவியையோ ஒரு மகளையோ காரணமின்றி ஒதுக்கியிருப்பது, கையெழுத்து நடுங்கியிருப்பது போன்ற சூழ்நிலைகள் இருந்தால், அவற்றை விளக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டு வருபவருக்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் 1950களின் இறுதியிலேயே விதித்துள்ளது. எனவே ஒருவருக்குக் குறைத்துக் கொடுப்பதாயின் ஏன் என்பதை ஒரு வரியில் உயிலிலேயே எழுதிவிடுவது, பிற்காலத்தில் பத்தாண்டு வழக்கைத் தவிர்க்கும்.

மனைவிக்கு ஆயுட்கால அனுபவ உரிமையும் பின்னர் பிள்ளைகளுக்கு முழு உரிமையும் என்று எழுதுவது நம்மிடையே பெருவழக்கு. மனைவியின் ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகத் தரப்பட்ட இத்தகைய வரையறுத்த உரிமை முழு உரிமையாக வளர்ந்துவிடும் என்று 1977ஆம் ஆண்டில் துளசம்மா வழக்கில் முடிவாயிற்று. அதன் பின் எழுந்த வழக்குகள் ஏராளம். வயது முதிர்ந்த மனைவிக்கு வீட்டை முழு உரிமையாகவே எழுதிவிடுவது எளிது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. அவரும் தம் உயிலை எழுதலாமே!

உயிருடன் இருக்கும்போதே எழுதிக் கொடுத்தல்

உயிலுக்கும் தானப் பத்திரத்திற்கும், அதாவது நம் பக்கத்தில் செட்டில்மெண்டு என வழங்குவதற்கும், உள்ள வேறுபாட்டை ஒவ்வொரு முதியவரும் அறிந்திருக்க வேண்டும். உயில் இறப்பிற்குப் பின்னரே உயிர் பெறும். எத்தனை முறையும் மாற்றலாம். தானப் பத்திரமோ பதிவான அன்றே உரிமையை மாற்றிவிடும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, கொடுத்தவர் மனம் மாறியதாலேயே அதனைத் திரும்பப் பெற முடியாது.

ஆயினும் பெற்றோர் பலர் பிந்தியதையே தேர்ந்தெடுக்கின்றனர். மகன் கடன் வாங்க வேண்டும் என்பான். உயில் என்றால் பின்னால் சண்டை வரும், இப்போதே முடித்துவிடலாம் என்று உறவினர் கூறுவர். மகன் கேட்கும்போது மறுப்பது அன்பில்லாமை போலத் தோன்றும். கையெழுத்தான மறு ஆண்டே வீட்டின் முன்னறையிலிருந்து பின்கட்டிற்கும், பின்கட்டிலிருந்து வெளியேயும் பெற்றோர் நகர்த்தப்படும் கதைகள் எல்லா மாநிலத்தின் கோட்டாட்சியர் அலுவலகங்களிலும் மனுக்களாக வந்து சேர்கின்றன.

இதற்காகவே 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இயற்றப்பட்டது. தமக்கு அடிப்படை வசதிகளும் உடல் தேவைகளும் அளிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் மூத்த குடிமகன் ஒருவர் சொத்தை எழுதிக் கொடுத்து, பெற்றவர் அதனைச் செய்யத் தவறினால், அம்மாற்றம் வஞ்சனையால் பெறப்பட்டதாகக் கருதப்படும். கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதனைச் செல்லாது என அறிவிக்கலாம். சட்டம் நடைமுறைக்கு வந்தபின் எழுதப்பட்ட ஆவணங்களுக்கே இது பொருந்தும்.

“நிபந்தனையுடன்” என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியுள்ளது. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தாயின் மனுவில் அவருக்குக் கிடைத்த ஆணையை நீக்கியது. அத்தகைய நிபந்தனை இருந்ததாக மனுவில்கூடச் சொல்லப்படவில்லை என்பதே காரணம். அன்பால் எழுதிக் கொடுத்தேன் என்பது நிபந்தனை ஆகாது. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் மத்தியப் பிரதேசத்திலிருந்து சென்ற மற்றொரு தாயின் வழக்கில், மகன் பராமரிப்பான் என்பது தானப் பத்திரத்திலேயே குறிக்கப்பட்டிருந்தது. அச்சட்டம் முதியோர் நலம் காக்கவே பிறந்தது, ஆகவே தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று கூறிய நீதிமன்றம், தானத்தை நீக்கிச் சொத்தை அவரிடம் ஒப்படைக்க உத்தரவிட்டது. இவ்விரு தீர்ப்புகளையும் ஒருசேரப் படிக்கும் மாணவர், ஆவணத்தில் எழுதப்படும் ஒரு வாக்கியத்தின் விலையை உணர்வர்.

அவ்வாக்கியம் கடினமானதன்று. “என் ஆயுட்காலம் வரை இவ்வீட்டில் நான் குடியிருக்க உரிமையுடையவன், எனக்கு உணவு, உடை, மருத்துவம் ஆகியவற்றை இச்சொத்தைப் பெறுபவர் அளிக்க வேண்டும், தவறினால் இவ்வாவணத்தை ரத்துச் செய்துகொள்ள எனக்கு உரிமை உண்டு” என்ற அளவில் எழுதினால் போதும். குடியிருக்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு தானம் செய்வது செல்லும் என்று 2014ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. ஆவணம் பதிவு செய்ய வரும் முதியவரிடம், இத்தகைய நிபந்தனை சேர்க்க விருப்பமா என்று பத்திர எழுத்தரோ சார் பதிவாளரோ ஒரு முறை கேட்டால், பின்னர் கோட்டாட்சியருக்கு வரும் மனுக்களில் ஒரு பகுதி குறையும்.

இச்சட்டத்தின் பிற பகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாத பெற்றோர், மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி ஆகியோரிடம் பராமரிப்புத் தொகை கோரலாம். பிள்ளையற்ற முதியோர், தம் சொத்தை அனுபவிக்கும் அல்லது பின்னர் அடையவுள்ள உறவினரிடம் கோரலாம். தீர்ப்பாயத் தலைவர் கோட்டாட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர். நோட்டீசு சார்வு செய்த 90 நாட்களுக்குள் மனுவை முடிக்க வேண்டும். தொகையின் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய் என 2007ஆம் ஆண்டில் வைக்கப்பட்டது. விலைவாசியை நோக்க அது இன்று போதாது. அவ்வரம்பை நீக்க 2019ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா சட்டமாகவில்லை. மனு எழுதவும் இயலாதவருக்காகப் பிறரோ தன்னார்வ நிறுவனமோ விண்ணப்பிக்கலாம். தீர்ப்பாயம் தானாகவும் எடுத்துக்கொள்ளலாம். 14567 என்ற முதியோர் உதவித் தொலைபேசி எண்ணில் வழிகாட்டுதல் பெறலாம்.

நியமனதாரரும் வாரிசும்

வங்கிக் கணக்கில் பெயர் குறிக்கப்பட்டவரே பணத்திற்குச் சொந்தக்காரர் என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியுள்ளது. நாமினி என வழங்கும் நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கையே ஆவார். பெற்றதை வாரிசுகளிடம் சேர்க்கும் கடமை அவருக்குண்டு. ஆயுள் காப்பீட்டைப் பற்றி 1983ஆம் ஆண்டிலும், வங்கி வைப்பைப் பற்றி 2010ஆம் ஆண்டிலும், பங்குகளைப் பற்றி 2023ஆம் ஆண்டிலும் உச்ச நீதிமன்றம் இவ்வாறே கூறியது. ஒரு விலக்கு உண்டு. 2015ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், காப்பீட்டுப் பத்திரத்தில் பெற்றோர், துணைவர், பிள்ளைகள் ஆகியோர் நியமிக்கப்பட்டிருந்தால் அவர்களே பயனுரிமையும் பெறுவர். 2025ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளிலிருந்து வங்கி வைப்புக்கு நான்கு பேர் வரை, பங்கு விகிதம் குறித்தும் நியமிக்கலாம். உயிலில் ஒருவர் பெயரும் வங்கியில் வேறொருவர் பெயரும் இருப்பதே குடும்பச் சண்டைக்கு வித்திடுகிறது. இரண்டையும் ஒத்துப் பார்ப்பது அரை மணி நேர வேலை.

பட்டா மாறுதலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வருவாய்ப் பதிவேட்டில் பெயர் ஏறுவது தீர்வை செலுத்துவதற்கான குறிப்பு. அதனால் மட்டும் உரிமை பிறப்பதில்லை.

நினைவு மங்கும்போது

நம் சட்டத்தில் பெரியதோர் இடைவெளி இங்கே உள்ளது. தந்தை மகளுக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதித் தந்திருக்கிறார். பின்னர் அவருக்கு மறதி நோய் முற்றுகிறது. அவர் பத்திரத்தில் கையெழுத்திட இயலாத அந்த நிலையில்தான் மகளுக்கு அதிகாரம் தேவைப்படுகிறது. ஆனால் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, அதிகாரம் தந்தவர் மனத்தெளிவை இழந்தவுடன் முகவரின் அதிகாரமும் முடிந்துவிடுகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சைக்கு ஒருவரை நியமிக்க வழி செய்கிறது. சொத்து மேலாண்மையைத் தொடவில்லை. சுயநினைவற்றுக் கிடப்போரின் குடும்பங்கள் காப்பாளர் நியமனம் வேண்டி உயர் நீதிமன்றங்களின் கதவைத் தட்டுகின்றன. கேரள உயர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டில் இதற்கு நெறிமுறைகள் வகுத்தது. சிற்றூர்க் குடும்பம் ஒன்று அவ்வளவு தூரம் செல்ல இயலுமா? நாடாளுமன்றம் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றுவது அவசரத் தேவை.

அதுவரை செய்யக்கூடியது, நினைவு தெளிவாக உள்ளபோதே ஓய்வூதியக் கணக்கைத் துணைவருடனும், வைப்புகளைத் துணைவர் அல்லது நம்பிக்கைக்குரிய பிள்ளையுடனும் “இருவரில் எவரேனும் அல்லது பிழைத்திருப்பவர்” என்ற முறையில் கூட்டாக மாற்றி வைப்பதே. வைப்பு முதிர்வதற்கு முன் எடுக்கவும் அதே முறை செல்லும் என்று வங்கியில் எழுதி வாங்க வேண்டும். பலர் மறப்பது இதனையே. தீராத நோயின் கடைசிக் கட்டத்தில் எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டி எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் ஏற்றது. நடுவர் முன் கையொப்பமிட வேண்டும் என்ற கடினமான விதியை 2023ஆம் ஆண்டில் தளர்த்தி, இரு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் முன் ஒப்பமிட்டால் போதும் என்றாக்கியது.

இத்தாள்கள் எல்லாம் எங்கே உள்ளன என்பது வீட்டில் குறைந்தது இருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்தாண்டுகள் தொடப்படாத வைப்புகள் வங்கியிலிருந்து ரிசர்வ் வங்கியின் நிதியொன்றுக்கு மாற்றப்படுகின்றன. 2023ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட உத்கம் என்ற இணையத்தளத்தில் இறந்தவர் பெயரைக் கொண்டு அவற்றைத் தேடலாம். நிதிக்குப் போய்விட்ட தொகையையும், உரிய சான்றுகளுடன் பழைய வங்கிக் கிளையிலேயே விண்ணப்பித்து வட்டிக்குரிய காலத்திற்கு வட்டியுடன் வாரிசுகள் பெறலாம்.